பெண்களின் ஓட்டுக்காகப் பெண் துணை அதிபர் வேட்பாளரா? அமெரிக்க அனுபவத்தில் ஐந்து வழிகள்

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் கட்சிக்காரர்களிடையே ஒரு வாக்குவாதம் கிளம்பும். பெண்களின் ஆதரவு போதவில்லை, துணை அதிபர் வேட்பாளராக ஒரு பெண்ணை நிறுத்தினால் என்ன என்று ஒரு தரப்பு கேட்கும். அதனால் ஒன்றும் ஆகாது என்று மறுதரப்பு சொல்லும். வெளியிலிருந்து கவனிக்கிற நம் வாசகர்களுக்கும் இதே குழப்பம்தான். கமலா ஹாரிஸ் சேர்ந்ததால்தான் பைடன் 2020-இல் ஜெயித்தாரா? அப்படியானால் 2024-இல் அவரே தலைமை வேட்பாளராக நின்றபோது பெண்கள் ஏன் கூடுதலாக வரவில்லை? அடுத்து நிற்கப்போகிறவர் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்ள வேண்டும்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண் துணை வேட்பாளர் ஒருவர் எதிர்க்கட்சிப் பெண்களைப் பெரிய அளவில் தன் பக்கம் அழைத்து வந்ததாக இதுவரை எந்தத் தேர்தல் கணக்கும் காட்டவில்லை. சொந்தக் கட்சியில் சோர்ந்திருப்பவர்களை எழுப்பிவிடவும், நிதி திரட்டவும், அடுத்த தலைமுறைக்கு வழி திறக்கவும் அந்தத் தேர்வு உதவியிருக்கிறது. எதற்காக நிறுத்துகிறோம் என்பதில் தெளிவில்லாமல் நிறுத்தியபோதெல்லாம் அந்தப் பெண்தான் விலை கொடுத்திருக்கிறார்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் கேள்வி, யாருடைய ஓட்டு? "பெண் வாக்காளர்கள்" என்று ஒரே கூட்டம் அமெரிக்காவில் இல்லை. 2008-இல் மணமான பெண்களில் 50 விழுக்காட்டினர் குடியரசுக் கட்சியின் மெக்கெய்னுக்குப் போட்டார்கள்; மணமாகாத பெண்களில் 70 விழுக்காட்டினர் ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவுக்குப் போட்டார்கள். கறுப்பினப் பெண்களில் பத்தில் ஒன்பது பேர் ஜனநாயகக் கட்சிக்குப் போடுவது வழக்கம். வெள்ளையினப் பெண்களில் பாதிக்கு மேல் 2004 முதல் குடியரசுக் கட்சிப் பக்கம் நிற்கிறார்கள். நடுநிலைப் பெண்ணை இழுப்பதா, வீட்டிலேயே இருந்துவிடக்கூடிய சொந்தக் கட்சிப் பெண்ணை வாக்குச்சாவடிக்கு வரவைப்பதா என்று முடிவு செய்யாமல் ஆளைத் தேடக்கூடாது.

இரண்டாவது, நாளைக்கே அதிபர் நாற்காலியில் உட்காரக்கூடியவரா? இது சம்பிரதாயக் கேள்வி அல்ல. அதிபர் இறந்தோ பதவி விலகியோ துணை அதிபர் அதிபரானது இதுவரை 9 முறை நடந்திருக்கிறது. பெண் வாக்காளர்களும் இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

மூன்றாவது, அலசிப் பார்க்க நேரம் இருக்கிறதா? வருமான வரிக் கணக்கு, கணவரின் தொழில், பழைய பேச்சு எல்லாம் தோண்டப்படும். ஆண் வேட்பாளருக்கும் இது உண்டு. ஆனால் "முதல் பெண்" என்ற அடையாளத்தோடு வருபவரிடம் பத்திரிகைகளும் எதிர்க்கட்சியும் மேலும் ஆழமாகத் தோண்டும்.

நான்காவதும் எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இது: கட்சியின் கொள்கை அறிக்கையும் மேடையில் நிற்கும் பெண்ணும் ஒரே திசையில் போகிறார்களா?

கணக்கைப் பார்ப்பதற்கு முன் ஒரு விளக்கம். வென்ற வேட்பாளருக்கு ஆண்களில் எத்தனை விழுக்காட்டினர், பெண்களில் எத்தனை விழுக்காட்டினர் போட்டார்கள் என்ற வித்தியாசத்தைத்தான் பாலின இடைவெளி என்கிறார்கள். வாக்குப்பதிவு நாளன்று எடுக்கும் கருத்துக்கணிப்புகளிலிருந்து வரும் எண்கள் என்பதால் ஓரிரு புள்ளி முன்பின் இருக்கும்.

| ஆண்டு | வென்றவர் | பெண்கள் (%) | ஆண்கள் (%) | இடைவெளி | பெண் துணை வேட்பாளர் |
|---|---|---|---|---|---|
| 1980 | ரீகன் | 47 | 55 | 8 | இல்லை |
| 1984 | ரீகன் | 56 | 62 | 6 | ஃபெராரோ (ஜனநாயகம்) |
| 1996 | கிளின்டன் | 54 | 43 | 11 | இல்லை |
| 2004 | புஷ் | 48 | 55 | 7 | இல்லை |
| 2008 | ஒபாமா | 56 | 49 | 7 | பேலின் (குடியரசு) |
| 2020 | பைடன் | 57 | 45 | 12 | ஹாரிஸ் (ஜனநாயகம்) |
| 2024 | டிரம்ப் | 45 | 55 | 10 | இல்லை (ஹாரிஸ் அதிபர் வேட்பாளர்) |

1984 வரிசையைக் கவனியுங்கள். பெரிய கட்சி ஒன்று முதன்முறையாகப் பெண்ணை நிறுத்திய தேர்தலில் இடைவெளி கூடவில்லை, குறைந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஆண்களே நின்ற 1996-இல் அது 11 புள்ளி.

## வழி 1: "முதல் பெண்" என்ற வரலாற்றை நம்புவது (ஃபெராரோ, 1984)

பெண்களுக்குச் சம உரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தத்தை 1940 முதல் ஆதரித்துவந்த குடியரசுக் கட்சி, 1980-இல் அந்த ஆதரவைக் கைவிட்டது. அந்தத் தேர்தலில் ரீகன் வென்றாலும் பெண்களிடையே அவருக்கு ஆதரவு குறைவு என்பது எண்களில் தெரிந்தது. ஆண்களைவிட அதிக விகிதத்தில் பெண்கள் வாக்களிக்கத் தொடங்கியதும் அந்தத் தேர்தலில்தான். ரீகனை வீழ்த்தும் வழி இதுதான் என்று ஜனநாயகக் கட்சியினர் பலர் நம்பினார்கள். பெண்கள் அமைப்புகளும் அழுத்தம் கொடுத்தன. அக்கட்சியின் அதிபர் வேட்பாளராக நிற்கவிருந்த வால்டர் மாண்டேல் 1984 ஜூலை 12 அன்று, நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியிலிருந்து மூன்று முறை பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வான ஜெரால்டின் ஃபெராரோவை அறிவித்தார்.

அந்தக் கோடையில் ஃபெராரோ போன இடமெல்லாம் கூட்டம். மகள்களைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார்களின் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. அந்த மகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அரசுவழக்கறிஞராக இருந்து அரசியலுக்கு வந்த ஒருவர், தன் உழைப்பால் அந்த மேடைக்கு வந்து நின்ற தருணம் அது.

ஆனால் அவர் எதையெல்லாம் தாங்க வேண்டியிருந்தது? மிசிசிப்பிக்குப் போனபோது அந்த மாநில வேளாண் ஆணையர், புளூபெர்ரி மஃபின் சுடத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், உங்களுக்குத் தெரியுமா என்று ஃபெராரோ திருப்பிக் கேட்டார். அணு ஆயுதப் பொத்தானை அழுத்தும் துணிவு உண்டா என்று தொலைக்காட்சிப் பேட்டியில் கேட்டார்கள். கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் கத்தோலிக்கர் என்பதால் நியூயார்க் பேராயர் வெளிப்படையாகக் கண்டித்தார். கணவரின் ரியல் எஸ்டேட் தொழில் பற்றியும் வரிக் கணக்கு பற்றியும் ஆகஸ்டு முழுவதும் செய்திகள். கடைசியில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகச் செய்தியாளர்கள் முன் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்விக்கும் அசராமல் பதில் சொன்னார். மாண்டேல் குழு அவசரப்படாமல் முன்கூட்டியே கணக்குகளைப் பார்த்திருந்தால் அந்த மாதம் வீணாகியிருக்காது.

நவம்பரில் ரீகன் 49 மாநிலங்களை வென்றார். மாண்டேலுக்குச் சொந்த மாநிலமான மினசோட்டாவும் தலைநகர் வாஷிங்டனும் மட்டும் கிடைத்தன. பெண்களிலேயே 56 விழுக்காட்டினர் ரீகனுக்குப் போட்டார்கள். தோல்விக்கு ஃபெராரோ காரணம் அல்ல. பொருளாதாரம் மீண்டெழுந்த ஆண்டில், பதவியில் இருக்கும் அதிபரை எந்தத் துணை வேட்பாளரைக் கொண்டும் வீழ்த்தியிருக்க முடியாது. வரியை உயர்த்துவேன் என்று மாண்டேலே மாநாட்டு மேடையில் சொல்லியிருந்தார். பெண்களின் வீட்டிலும் வரி உண்டு.

மறைவான செலவு பிறகு வந்தது. ஃபெராரோ 1992-இலும் 1998-இலும் நியூயார்க் செனட் தொகுதிக்கான கட்சி வேட்பாளர் தேர்வில் நின்று இருமுறையும் தோற்றார். மாண்டேலின் சூதாட்டத்துக்கு வைப்புத்தொகையாக இருந்தது அவருடைய அரசியல் வாழ்க்கை.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? வெகுவாகப் பின்தங்கியிருப்பவருக்கு. வெற்றி வாய்ப்பு குறைவு, ஆனால் தொண்டர்களும் நன்கொடையும் வேண்டும், கட்சியின் அடுத்த இருபது ஆண்டுக்கு விதை போட வேண்டும் என்றால் இது நியாயமான தேர்வு. தேர்ந்தெடுக்கப்படும் பெண்ணிடம் இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

## வழி 2: எதிர்க்கட்சிப் பெண்களின் மனக்கசப்பை அறுவடை செய்வது (பேலின், 2008)

2008-இல் ஹிலாரி கிளின்டன் கட்சித் தேர்வில் ஒபாமாவிடம் நூலிழையில் தோற்றார். அவருக்குப் போட்ட பெண்கள் பலர் கொதித்துப் போயிருந்தார்கள். அந்தக் கோபத்தைக் குறிவைத்து, ஒபாமா டென்வரில் ஏற்புரை நிகழ்த்திய மறுநாளே, ஆகஸ்டு 29 அன்று, ஒஹையோவின் டேட்டனில் ஜான் மெக்கெய்ன் அலாஸ்கா ஆளுநர் சாரா பேலினை அறிவித்தார். கிளின்டனுக்குக் கிடைத்த 1 கோடியே 80 லட்சம் ஓட்டுகளைப் பேலின் அந்த முதல் மேடையிலேயே குறிப்பிட்டார். யாரைப் பார்த்துப் பேசினார் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

தொடக்கத்தில் பலித்ததுபோலத்தான் இருந்தது. செப்டம்பர் 3 அன்று அவர் மாநாட்டில் பேசியதை 3 கோடியே 70 லட்சம் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். சில நாட்கள் கருத்துக்கணிப்புகளில் மெக்கெய்ன் முந்தினார். அப்புறம் செப்டம்பர் 15-இல் லீமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தது. அதே மாதத்தில் தொலைக்காட்சிப் பேட்டியில் பேலின் தடுமாறினார். வயது 72 ஆன மெக்கெய்னுக்கு அடுத்த நிலையில் இவரா என்ற கேள்வி முன்னால் வந்து நின்றது. அறிவிப்புக்கு முந்தைய நாள்தான் அரிசோனாவில் மெக்கெய்ன் அவரை உட்காரவைத்து நேரில் பேசினார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வாக்களித்து வெளியே வந்தவர்களில் சுமார் 60 விழுக்காட்டினர், பேலின் அதிபர் பொறுப்புக்குத் தகுதியானவர் அல்ல என்றார்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் புஷ்ஷுக்குப் பெண்களிடம் 48 விழுக்காடு. மெக்கெய்னுக்கு 43. கிளின்டனின் ஆதரவாளர்கள் வராததற்குக் காரணம் எளிது. கருக்கலைப்பு உரிமை, மருத்துவக் காப்பீடு, சம ஊதியம் ஆகியவற்றில் கிளின்டன் ஒரு கரையில் நின்றார், பேலின் எதிர்க்கரையில் நின்றார். கொள்கைக்காக ஒரு பெண்ணுக்குப் பின்னால் திரண்டவர்கள், பாலினம் ஒன்றுதான் என்பதற்காக எதிர்க்கொள்கைக்குப் போவார்கள் என்று எண்ணியது பெண்களைக் குறைவாக எடைபோட்டதன் விளைவு. எனக்கு இந்தத் தேர்வில் மிகவும் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

பேலினால் மெக்கெய்னுக்கு ஒரு நன்மையும் இல்லையா? உண்டு. மெக்கெய்ன்மேல் நம்பிக்கை இல்லாத மதப்பற்றுள்ள பழமைவாதிகள், பெண்களும் ஆண்களும், பேலின் பெயரைக் கேட்டதும் உற்சாகமாக வேலை செய்தார்கள். சொந்த வீட்டுக்குள் எரிந்த விளக்கு அது. பக்கத்து வீட்டுக்கு வெளிச்சம் போகவில்லை. எதிர்க்கட்சியில் பிளவு இருக்கிறது, நம் பக்கம் இருக்கும் பெண்ணின் கொள்கையும் அந்தப் பிளவில் நிற்பவர்களின் கொள்கையும் நெருங்கி வருகின்றன என்றால் மட்டும் இந்த வழியை யோசிக்கலாம். அப்படி ஒரு பொருத்தம் அமைவது அபூர்வம்.

இதன் மலிவுப் பதிப்பு 2016-இல் நடந்தது. குடியரசுக் கட்சித் தேர்வில் டிரம்பிடம் தோற்றுக்கொண்டிருந்த டெட் குரூஸ் ஏப்ரல் 27 அன்று கார்லி ஃபியோரினாவைத் துணை வேட்பாளர் என்று அறிவித்தார். மே 3-இல் இண்டியானாவில் தோற்றுப் போட்டியிலிருந்தே விலகினார்.

## வழி 3: சொந்தக் கட்சிப் பெண்களுக்குக் கடன் தீர்ப்பது (ஹாரிஸ், 2020)

ஜோ பைடனின் கணக்கு வேறு. 2020 பிப்ரவரி 29-இல் தென் கரோலினாவில் நடந்த கட்சித் தேர்வில் கறுப்பின வாக்காளர்கள்தான் அவருடைய பிரசாரத்துக்கு உயிர் கொடுத்தார்கள். மார்ச் 15 விவாதத்தில், பெண்ணையே துணை வேட்பாளராக்குவேன் என்று உறுதி சொன்னார். ஏப்ரல் இறுதியில் தேர்வுக்குழு அமைத்து, எலிசபெத் வாரன், கிரெட்சன் விட்மர், சூசன் ரைஸ், வால் டெமிங்ஸ் என்று பலரையும் மூன்று மாதத்துக்கு மேல் அலசிவிட்டு, ஆகஸ்டு 11-இல் ஹாரிஸை அறிவித்தார். அடுத்த 24 மணி நேரத்தில் 2 கோடியே 60 லட்சம் டாலர் நன்கொடை வந்தது.

திருவாரூர் மாவட்டத்து துளசேந்திரபுரத்தில் பட்டாசு வெடித்ததும், ஏற்புரையில் ஹாரிஸ் தன் சித்திகளை நினைவுகூர்ந்ததும் நமக்கெல்லாம் தெரிந்த கதை. சென்னையில் பிறந்து 19 வயதில் பெர்க்லிக்குப் படிக்கப்போன சியாமளா கோபாலனின் மகள் என்பதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் பைடன் குழு கணக்குப் போட்டது டெட்ராய்ட், ஃபிலடெல்ஃபியா, மில்வாக்கி, அட்லாண்டா நகரங்களின் கறுப்பினப் பெண்களை மனதில் வைத்து. ஹாரிஸ் முன்னாள் கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்), பதவியில் இருந்த செனட்டர். தகுதி பற்றிய கேள்வி பேலினுக்கு வந்த அளவில் வரவில்லை. கொள்கையும் கட்சியும் ஒரே திசையில் இருந்தன. நான்கு அளவுகோல்களிலும் தேறிய ஒரே தேர்வு இது.

இங்கும் எதிர்க்கட்சிப் பெண்கள் வரவில்லை. வெள்ளையினப் பெண்களில் சுமார் 55 விழுக்காட்டினர் டிரம்புக்கே போட்டார்கள். பைடனுக்கு அது தேவையும் படவில்லை.

மறைவான செலவு இரண்டு. பெண்தான் என்று முன்கூட்டியே அறிவித்ததால், ஹாரிஸ் தகுதியால் வரவில்லை, ஒதுக்கீட்டில் வந்தார் என்ற வசை அவரோடு ஒட்டிக்கொண்டது. 2024-இல் எதிரிகள் அதையே ஆயுதமாக்கினார்கள். பைடன் அந்த உறுதியை மனதுக்குள் வைத்துக்கொண்டு, முடிவை மட்டும் அறிவித்திருக்கலாம். இரண்டாவது, துணை அதிபர் என்பவர் அடுத்த வாரிசு. 2024 ஜூலை 21-இல் பைடன் விலகியபோது, தேர்தலுக்கு 107 நாளே மீதமிருக்க, ஹாரிஸை எதிர்த்து முக்கியமான யாரும் போட்டிக்கு வரவில்லை. நான்கு ஆண்டுக்கு முந்தைய ஒரு தேர்வு அடுத்த அதிபர் வேட்பாளரையும் முடிவு செய்துவிட்டது.

## வழி 4: ஆண் வேட்பாளரையே நிறுத்தி, சட்டத்தால் பெண்களை அடைவது (கிளின்டன், 1996)

பில் கிளின்டனும் அவருடைய துணை வேட்பாளர் அல் கோரும் இரண்டு தெற்கத்திய ஆண்கள். பெண்களிடம் 54 விழுக்காடு வாங்கினார்கள். எப்படி? பதவியேற்ற இரண்டே வாரத்தில், 1993 பிப்ரவரி 5 அன்று, குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்தில் கிளின்டன் கையெழுத்திட்டார். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் பிரசவத்துக்கோ நோயுற்ற பெற்றோரைக் கவனிப்பதற்கோ 12 வாரம் வரை வேலை பறிபோகாமல் விடுப்பு எடுக்கலாம். சம்பளம் கிடையாது, ஆனாலும் வேலை நிலைக்கும். இதே சட்டத்தை முந்தைய அதிபர் தந்தை புஷ் இருமுறை வீட்டோ செய்து தடுத்திருந்தார். 1994-இல் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான சட்டம். 1996-இல் குறைந்தபட்ச ஊதிய உயர்வு. அந்த ஊதியத்தில் வேலை பார்ப்பவர்களில் பெண்களே அதிகம். ஜேனட் ரீனோ முதல் பெண் அட்டர்னி ஜெனரல் ஆனார், ரூத் பேடர் கின்ஸ்பர்க் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடும் பெண்ணுக்கு, மேடையில் நிற்பவர் ஆணா பெண்ணா என்பதைவிட, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வேலை போகுமா போகாதா என்பதுதான் அவசரம். பெண்களின் ஓட்டை இந்த வழியைவிட உறுதியாகக் கொண்டுவந்த வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இதிலும் குறை உண்டு. அதே கிளின்டன் 1996 ஆகஸ்டில் அரசு உதவித்தொகையை வாழ்நாளில் 5 ஆண்டாகச் சுருக்கிய சட்டத்தில் கையெழுத்திட்டார். அடி விழுந்தது ஏழைத் தனித்தாய்மார்மேல். புறநகர் நடுத்தரப் பெண்ணுக்கு விடுப்பு கொடுத்த கையே சேரிப் பெண்ணின் உதவித்தொகையை வெட்டியது. இன்னொரு தடை, இந்த வழிக்கு ஆட்சி கையில் இருக்க வேண்டும். எதிர்க்கட்சி வேட்பாளரால் வாக்குறுதிதான் தர முடியும். வாக்குறுதியை நம்புவதில் பெண்கள் சிக்கனமானவர்கள்.

## வழி 5: வேறொரு பெரிய பதவிக்கு உறுதி கொடுப்பது

1980 அக்டோபரில் ரீகன், உச்ச நீதிமன்றத்தில் முதலில் வரும் காலியிடங்களில் ஒன்றுக்குப் பெண்ணை நியமிப்பேன் என்றார். 1981-இல் சாண்ட்ரா டே ஓ'கானரை நியமித்து வாக்கைக் காப்பாற்றினார். செனட் 99-0 என்று ஏற்றது. செலவு குறைவு, பிரசாரத்தில் ஆபத்து இல்லை, பலன் பல ஆண்டு நிற்கும். ஓட்டுக் கணக்கில் பெரிதாக அசைவில்லை. முன்னணியில் இருந்துகொண்டு, பெண்களிடம் சரிவு கூடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பவருக்கு இதுவே மேல்.

## யாருக்கு எது?

ஆட்சியில் இருப்பவர் வழி 4-ஐ விட்டு வேறெங்கும் போக வேண்டாம். எதிர்க்கட்சியில் இருந்து சமபலத்தில் போட்டியிடுபவர் வழி 3-க்குப் போகலாம், ஆனால் தேர்வுக்குழுவுக்குக் குறைந்தது மூன்று மாதம் கொடுக்க வேண்டும், "பெண்தான்" என்று முன்கூட்டி அறிவிக்கக் கூடாது. தோல்வி உறுதி என்று தெரிந்தவர் வழி 1-ஐ நேர்மையோடு தேர்ந்தெடுக்கலாம். வழி 2 யாருக்கும் வேண்டாம் என்பேன்.

கொள்கையையும் ஆளையும் பெண்கள் தனித்தனியே பார்க்கிறார்கள் என்பதற்கு 2024 நல்ல சான்று. மிசூரி, அரிசோனா, மொன்டானா, நெவாடா ஆகிய நான்கு மாநிலங்களிலும் கருக்கலைப்பு உரிமைக்கான முன்மொழிவு வென்றது. அதே நாளில் அதே மாநிலங்களில் டிரம்பும் வென்றார். ஒரே வாக்குச்சீட்டில் உரிமைக்கு ஆம் என்றும் ஹாரிஸுக்கு இல்லை என்றும் குறித்த பெண்கள் ஏராளம். விலைவாசி அவர்களை ஒரு பக்கம் தள்ளியது, உடல்மீதான உரிமை இன்னொரு பக்கம் இழுத்தது.

இதே கணக்கை ஆண்களுக்குத் திருப்பிப் போட்டும் பார்த்தார்கள். ஹாரிஸ் தனக்குத் துணையாக 2024 ஆகஸ்டு 6-இல் மினசோட்டா ஆளுநர் டிம் வால்ஸை அறிவித்தார். பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளர், தேசியக் காவல்படையில் 24 ஆண்டு இருந்தவர், வேட்டைக்காரர். மத்திய மேற்குப் பகுதி ஆண்களுக்கு இவரைப் பார்த்தால் நம்ம ஆள் என்று தோன்றும் என்றார்கள். 2020-இல் பைடனுக்கு ஆண்களிடம் 45 விழுக்காடு இருந்தது. ஹாரிஸ்-வால்ஸ் அணிக்கு 43. ஆண்களும் வேட்பாளரின் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து ஓட்டுப் போடவில்லை. அதற்காக வால்ஸை யாரும் ஆண் குலத்தின் தோல்வி என்று எழுதவில்லை. ஃபெராரோவுக்கும் பேலினுக்கும் அந்தச் சலுகை கிடைக்கவில்லை.